4.0 பிளாக்கில் 4.2 கிராங்க்: ஜீப் ஆறு சிலிண்டர் எஞ்சினில் பாகம் கலக்கும் கணக்கு

செரோக்கி, காமஞ்சி, ரேங்ளர் வண்டிகளில் வந்த 4.0 லிட்டர் எஞ்சினும் அதற்கு முந்தைய 4.2 லிட்டர் எஞ்சினும் (258 என்பார்கள்) ஏஎம்சி வடிவமைத்த ஒரே குடும்பம். 258 எஞ்சின் 1971 முதல் 1990 வரை வந்தது. 4.0 எஞ்சின் 1987 மாடலில் தொடங்கி 2006 வரை ஓடியது. கிராங்க் (பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) பிளாக்கில் உட்காரும் மெயின் ஜர்னல், கனெக்டிங் ராடு பிடிக்கும் ராடு ஜர்னல், ராடை பிஸ்டனோடு இணைக்கும் பிஸ்டன் பின் ஆகியவற்றின் அளவு இரண்டிலும் ஒன்றே. அதனால்தான் 258-இன் நீள ஸ்ட்ரோக் கிராங்கை 4.0 பிளாக்கில் போட்டு 4.6 லிட்டர் ஆக்கும் வேலை இவ்வளவு பரவியது. கிராங்க் பிளாக்கில் உட்கார்ந்துவிடும், கையால் சுற்றினால் சுற்றவும் செய்யும். தவறு நடப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதலில் அளவுகள். 4.0: போர் (சிலிண்டரின் விட்டம்) 98.43 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழே நகரும் தூரம்) 86.7 மிமீ, கனெக்டிங் ராடு நீளம் 155.58 மிமீ. 258: போர் 95.25, ஸ்ட்ரோக் 98.93, ராடு 149.23. 258 பிளாக்கையே போரிங் செய்து 4.0 பிஸ்டன் போடலாமா என்றால் முடியாது. விட்டத்தில் 3 மிமீக்கு மேல் கடைய வேண்டிவரும், அவ்வளவு இரும்பு அங்கே இல்லை. பிளாக், ஹெட், எரிபொருள் இன்ஜெக்ஷன் அமைப்பு எல்லாம் 4.0, கிராங்க் மட்டும் 258, அல்லது கிராங்கும் ராடும் 258 என்பதே சரியான கலவை.

உயரக் கணக்கு

பாகம் வாங்குவதற்கு முன் ஒரு தாளில் இந்தக் கூட்டலைப் போடுங்கள்: ராடு நீளம் + ஸ்ட்ரோக்கில் பாதி + பிஸ்டனின் பின் மையத்திலிருந்து தலை வரை உள்ள உயரம். இந்தக் கூட்டுத்தொகையை பிளாக்கின் டெக் உயரத்தோடு ஒப்பிட வேண்டும். டெக் உயரம் என்பது கிராங்க் மையத்திலிருந்து பிளாக்கின் மேல் முகம் வரை. 4.0 பிளாக்கில் அது சுமார் 240.1 மிமீ. ஏற்கெனவே யாராவது முகம் கடைந்திருந்தால் குறைந்திருக்கும், எனவே உங்கள் பிளாக்கை அளந்த எண்ணையே வையுங்கள். 4.0 எஞ்சினின் சாதாரண பிஸ்டனில் பின் உயரம் 40.67 மிமீ.

258 கிராங்க், 258 ராடு, 4.0 பிஸ்டன் போட்டால்: 149.23 + 49.47 + 40.67 = 239.37. பிஸ்டன் மேலே வரும்போது டெக்குக்கு 0.74 மிமீ கீழே நிற்கும். ஓடும்.

258 கிராங்கில் 4.0-இன் நீள ராடும் 4.0 பிஸ்டனும் போட்டால் 245.72. பிஸ்டன் 5.6 மிமீ வெளியே நீட்டும். ஹெட் போல்ட்டை இறுக்கவே முடியாது. நீள ராடுதான் வேண்டும் என்றால் பின் உயரம் 35 மிமீ அளவில் உள்ள தனி பிஸ்டன் வேண்டும். மறுபக்கம், 4.0 கிராங்கில் 258 ராடு மாறிப் போய்விட்டால் பிஸ்டன் கிட்டத்தட்ட 7 மிமீ கீழேயே நின்றுவிடும். கம்ப்ரெஷன் (பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள கொள்ளளவு, மேலே இருக்கும்போது உள்ளதைப் போல் எத்தனை மடங்கு என்ற விகிதம்) 6-க்கும் கீழே இறங்கும். பழைய ராடுகள் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும் இடத்தில் இது நடக்கக்கூடியதுதான். ஆறு ராடையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மைய தூரத்தை அளந்த பிறகே பின்னை பிரஸ் செய்யுங்கள்.

நீள ராடுக்குச் செலவு செய்வது தகுமா? 149 மிமீ ராடு, 98.9 மிமீ ஸ்ட்ரோக் என்றால் விகிதம் 1.51. நீள ராடில் 1.57. சாதாரண 4.0-இல் அது 1.79. விகிதம் குறையக் குறைய ராடு அதிகம் சாயும். பிஸ்டனின் ஓரம் சிலிண்டர் சுவரை அதிகம் அழுத்தும். மலைப் பாதையில் 1,500 முதல் 3,500 ஆர்பிஎம் வரை ஓடும் வண்டிக்கு 258 ராடே போதும். 5,000-க்கு மேல் அடிக்கடி போகப்போவதில்லை என்றால் அந்தப் பணத்தை மெஷினிங் வேலையில் போடுவது புத்திசாலித்தனம்.

கம்ப்ரெஷனும் இடுக்கும்

0.76 மிமீ ஓவர்சைஸ், அதாவது 99.19 மிமீ போர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 764.5 சிசி; ஆறும் சேர்ந்து 4.6 லிட்டர். ஹெட் அறை 57 சிசி, பிஸ்டன் குழி 15 சிசி, கேஸ்கெட் 1.3 மிமீ தடிமனில் சுமார் 10.2 சிசி, டெக்குக்குக் கீழ் உள்ள இடம் 5.7 சிசி. மொத்தம் 87.9. 764.5-ஐ 87.9-ஆல் வகுத்து 1 கூட்டினால் 9.7. சாதாரண பெட்ரோலில் சமாளிக்கக்கூடிய எண் போலத் தெரியும். ஆனால் இந்தப் பாகக் கலவை பல இடங்களில் ஏற்றத்தில் தட்டுகிறது, அதாவது பெட்ரோல் தானாக வெடித்து நாக் சத்தம் வருகிறது. காரணம் கம்ப்ரெஷன் மட்டுமல்ல.

பிஸ்டனின் தட்டையான ஓரத்துக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் நடுவே உள்ள இடுக்கைப் பாருங்கள்: 0.74 + 1.3 = 2.04 மிமீ. இந்த இடுக்கு 1 முதல் 1.5 மிமீக்குள் இருந்தால் பிஸ்டன் மேலே வரும்போது அங்குள்ள பெட்ரோல்-காற்றுக் கலவை பிதுங்கி அறைக்குள் சுழலும், எரிதல் வேகமாக முடியும். 2 மிமீ என்பது இரண்டுங்கெட்டான்: கலவை பிதுங்கவும் செய்யாது, ஓரத்தில் தங்கியதுதான் கடைசியில் தானாக வெடிக்கும்.

சரி, டெக்கை 0.5 மிமீ கடைந்தால்? இடுக்கு 1.54-க்கு வரும். ஆனால் 3.9 சிசி போய்விடும், கம்ப்ரெஷன் 10.1-க்கு ஏறும். அதனால் டெக் கடையும்போதே பிஸ்டன் குழியையும் பெரிதாக்க வேண்டும். குழியை 22 சிசி ஆக்கினால் கம்ப்ரெஷன் 9.4, இடுக்கு 1.54. தட்டும் பிரச்சினை இந்த இணைப்பில்தான் அடங்கும். வார்ப்பு பிஸ்டனின் தலை எவ்வளவு தடிமன் என்று உள்பக்கம் அளந்து பார்க்காமல் குழி தோண்டக் கூடாது. இடம் இல்லையென்றால் குழி பெரிதாக வரும் பிஸ்டனையே வாங்குங்கள். கம்ப்ரெஷனைக் குறைக்கத் தடித்த கேஸ்கெட் போடுவது சுலப வழி போலத் தோன்றும். இடுக்கு இன்னும் விரியும், தட்டல் போகாது.

57 சிசி, 15 சிசி என்பவை பொதுவான எண்கள். உங்கள் ஹெட்டைக் கடைந்திருந்தால் மாறும். பியூரெட்டும் ஒரு அக்ரிலிக் தட்டும் வைத்து ஆறு அறையையும் நீங்களே அளந்துவிடுங்கள். ஒரு மணி நேர வேலை.

எந்த ஆண்டுப் பாகம்?

258 கிராங்கில் இரண்டு வகை. பழையதில் 12 எதிர்எடைகள் (சுழலும்போது சமநிலைக்காகக் கிராங்கிலேயே உள்ள எடைகள்), பிந்தையதில் 4. 12 உள்ளது எடை கூடியது, ஆர்பிஎம் ஏற நேரம் எடுக்கும். அதன் மூக்கும் (முன் நுனி) நீளமாக வரும். அங்கே மாட்டும் டாம்பரின் (அதிர்வைக் குறைக்கும் சக்கரம்) போல்ட் சரியாக இறுகாது, லேத்தில் குறைக்கவோ வளையம் போடவோ வேண்டிவரும். தேர்வு இருந்தால் 4 எடை உள்ளதை எடுங்கள்.

கியர்பாக்ஸ் பக்கம் பைலட் துளையை (இன்புட் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் கிராங்கின் பின் துளை) மறந்துவிடாதீர்கள். கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் நுனி, கிராங்கின் பின் துளை, இரண்டையும் வெர்னியரில் அளந்து அதற்கேற்ற புஷ் கடைந்து வையுங்கள். எஞ்சின் வண்டிக்குள் இறங்கிய பிறகு இது தெரிந்தால் மறுபடியும் எல்லாம் மேலே வர வேண்டும்.

பிளைவீல் எப்போதும் ஈசியூவின் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஆண்டைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். கிராங்க் சென்சார் பெல் ஹவுசிங்கில் இருந்து பிளைவீலின் வெட்டுகளைப் படிக்கிறது. 1987 முதல் 1990 வரை வந்த ரெனிக்ஸ் அமைப்புக்கும் 1991 முதல் வந்ததற்கும் வெட்டுகள் வேறு. மாற்றிப் போட்டால் ஸ்டார்ட்டர் சுற்றும், ஸ்பார்க் வராது.

ஹெட்டில் வார்ப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் பாருங்கள். 7120 என்பது 1991–95. 0630 அதற்கு அடுத்தது. 0331 கடைசிக் காலத்தது; 2000, 2001 வண்டிகளில் 3-ஆம் சிலிண்டருக்கும் 4-ஆம் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் விடுவதற்குப் பேர்போனது. இதை எடுத்தால் பிரஷர் டெஸ்ட் செய்யாமல் வைக்காதீர்கள். 1999-க்குப் பிந்தைய இன்டேக் மேனிஃபோல்டு 1991 முதல் வந்த பழைய எச்ஓ ஹெட்டிலும் உட்காரும். பெரிய எஞ்சினுக்கு அது நல்லது.

கோர்த்தல்

கிராங்கை மேலே வைத்து பிளாஸ்டிகேஜில் (நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளி அளக்கும் பிளாஸ்டிக் இழை) மெயின் இடைவெளி பாருங்கள்: 0.025 முதல் 0.063 மிமீ வரை சரி, 0.05 சிறப்பு. முன்பின் ஆட்டம் 0.04 முதல் 0.165 மிமீ, த்ரஸ்ட் பேரிங் மூன்றாம் மெயினில். மெயின் கேப் மூன்று கட்டமாக 54, 95, 108 நியூட்டன் மீட்டர். ராடு நட் 45.

ஆறு பிஸ்டனும் ரிங் இல்லாமல் போட்டு இரண்டு சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். ஸ்ட்ரோக் கூடியதால் ராடு போல்ட்டின் தலை சிலிண்டரின் அடி விளிம்பையும் கேம் ஷாஃப்டையும் நெருங்கி வரும். எங்கும் 1.5 மிமீக்குக் குறையக் கூடாது. பிந்தைய பிளாக்குகளில் மெயின் கேப்களை இணைக்கும் பட்டை உண்டு. எதிர்எடை அதில் உரசுகிறதா என்றும் இதே சுற்றில் பார்த்துவிடலாம். உரசும் இடத்தை பிளாக்கில் தேயுங்கள், ராடில் கை வைக்காதீர்கள்.

டெக் கடைந்தால் புஷ்ராடும் (டாப்பெட்டுக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள கம்பி) மாறும் என்பதைப் பலர் விட்டுவிடுவார்கள். 0.5 மிமீ கடைந்தால் ராக்கர் அவ்வளவு கீழே வரும். ஹைட்ராலிக் டாப்பெட்டின் அமுக்கம் அந்த அளவு கூடும். அமுக்கம் 0.5 முதல் 1.5 மிமீக்குள் இருக்க வேண்டும். கூடினால் வால்வு முழுதாக மூடாமல் நிற்கும், பிறகு வால்வு கருகும். அளவு மாற்றும் புஷ்ராடு ஒன்றை வைத்து நீளம் எடுத்து, அதன்படி ஆறு ஜோடி வாங்குங்கள்.

ஹெட் போல்ட் 14. முதல் சுற்று 30, அடுத்தது 61, அதே 61-இல் ஒருமுறை சரிபார்ப்பு, கடைசியில் 149 நியூட்டன் மீட்டர். 11-ஆம் போல்ட் மட்டும் 135. அதன் மரை நீர்ப்பாதைக்குள் போவதால் சீலன்ட் தடவ வேண்டும். தடவாவிட்டால் கூலண்ட் கசியும்.

எரிபொருள்

கொள்ளளவு சுமார் 16 சதவீதம் கூடியிருக்கிறது. மெதுவாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் பார்த்து ஈசியூ சமாளித்துவிடும். முழு ஆக்சிலேட்டரில் அது சென்சாரைப் பார்ப்பதில்லை. கலவை மெலிந்து பிஸ்டன் உருகுவது அங்கேதான். மணிக்கு 24 பவுண்டு பெட்ரோல் தரும் இன்ஜெக்டர் பெரும்பாலும் போதும், ஆனால் அந்த எண் எந்த அழுத்தத்தில் என்று பாருங்கள். 43.5 பிஎஸ்ஐயில் 24 என்றால், 39 பிஎஸ்ஐ தரும் 1991–95 அமைப்பில் 22.7 மட்டுமே, 49 பிஎஸ்ஐ தரும் 1997-க்குப் பிந்தையதில் 25.5. வைட்பேண்ட் மீட்டர் (காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் கருவி) மாட்டி ஒரு ஏற்றத்தில் பார்க்காமல் முழு மிதி மிதிக்க வேண்டாம்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அது சுற்றும் திசையிலேயே டிரில் மெஷினால் ஆயில் பம்பைச் சுற்றி எல்லா ராக்கரிலும் ஆயில் வருகிறதா பாருங்கள். புது கேமும் டாப்பெட்டும் என்றால் சிங்க் சேர்ந்த ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் ஆனவுடன் ஐடிலில் விடாமல் 2,000 ஆர்பிஎம்மில் 20 நிமிடம் ஓட்டுங்கள். ஸ்டார்ட் ஆகாமல் ஸ்டார்ட்டரில் நெடுநேரம் சுற்றுவதே கேமைக் கெடுக்கும். எனவே டைமிங்கையும் 1-5-3-6-2-4 வயர் வரிசையையும் சாவி திருப்புவதற்கு முன்பே சரிபார்த்துவிடுங்கள். அந்த 20 நிமிடம் முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளுக்குள் உலோகப் பொடி இருக்கிறதா பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் பொடி நிறைய இருந்தால் கேமைச் சந்தேகியுங்கள். ஒட்டாத சாம்பல் நிறச் செதில் என்றால் சம்பைத் திறந்து பேரிங்கைப் பாருங்கள்.