மார்பு எக்ஸ்ரேயைக் கணினி படிக்கும் காசநோய் முகாம்: மதிப்பெண்ணை நம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை

காசநோய் முகாம்களில் மார்பு எக்ஸ்ரேயைக் கணினி படித்து, ஓரிரு நிமிடத்துக்குள் ஒரு மதிப்பெண்ணும் சந்தேகப்படும் இடத்தை வண்ணமிட்ட படமும் தந்துவிடுகிறது. மும்பையில் உருவான கியூஎக்ஸ்ஆர், நெதர்லாந்தின் கேட்ஃபோர்டிபி, தென்கொரியாவின் லூனிட் ஆகியவை இந்த வேலைக்கான மென்பொருள்கள். 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் படத்தை ஆள் படிப்பதற்குப் பதிலாக இவற்றிடம் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. யாரிடம் சளி வாங்கிச் சோதிக்க வேண்டும் என்று பிரித்துக் கொடுப்பதுதான் மதிப்பெண்ணின் வேலை. 60 வாங்கியவருக்கு 60 சதவீதம் காசநோய் என்று பொருளில்லை. மதிப்பெண்ணை மட்டும் வைத்து மாத்திரை தொடங்கக் கூடாது.

படம் எடுக்கும் இடம்

பெரும்பாலான தவறுகள் இங்கேதான் பிறக்கின்றன. காசநோயின் நிழல் அதிகம் தெரிவது நுரையீரலின் உச்சிப் பகுதியில். பின்னிய சடை, கொண்டை ஊசி, தாலிச் சங்கிலி, தாயத்துக் கயிறு, ஜாக்கெட்டில் குத்திய ஊக்கு எல்லாம் நிழலாக விழுவதும் அங்கேயே. அடர்த்தியான ஈரச் சடை உச்சியில் விழுந்தால் நோய்த் திட்டு போலவே இருக்கும். சடையைத் தலைக்கு மேல் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள். தாலியைக் கழற்றத் தயங்குபவர்களிடம் வற்புறுத்த வேண்டாம். சங்கிலியை மேலே தூக்கி வாயில் கவ்விக்கொள்ளச் சொன்னால் நுரையீரல் பகுதியை விட்டு விலகிவிடும். உடை மாற்றத் திரையும் பெண் பணியாளரும் இருந்தால் இதில் பாதிச் சிக்கல் வராது.

மார்பு டிடெக்டரில் (படத்தைப் பதிவு செய்யும் தட்டு) ஒட்டி நிற்க, கதிர் முதுகுப் பக்கமிருந்து வர வேண்டும். குழாய்க்கும் டிடெக்டருக்கும் இடைவெளி 180 செ.மீ. கையடக்கக் கருவியை இடமில்லாமல் நெருக்கி வைத்தால் இதயம் பெரிதாகத் தெரியும். கைகளை இடுப்பில் வைத்து, தோள்களை முன்னால் தள்ளி, முகவாயைத் தூக்கச் சொல்லுங்கள். தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு விலகும். மூச்சை இழுத்து நிறுத்துவதை ஒருமுறை பழக்கிவிட்டுப் பிறகு படமெடுங்கள்.

படம் திரையில் வந்ததும் அவரை அனுப்பிவிடாமல் மூன்றைப் பாருங்கள். உதரவிதானத்துக்கு மேல் பின்புற விலா எலும்புகள் 9 அல்லது 10 தெரிய வேண்டும்; குறைந்தால் மூச்சு போதவில்லை, கீழ்ப்பகுதி ரத்தக் குழாய்கள் நெருங்கி நோய் போல் தோன்றும். இரு காறை எலும்புகளின் உள்முனைகளும் முதுகெலும்பின் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உடல் திரும்பியிருக்கிறது, ஒரு பக்கம் வெளுத்துக் காட்டும். இரு உச்சிகளும் கீழ் ஓரங்களும் வெட்டுப்படாமல் இருக்க வேண்டும். இவற்றில் எது தவறினாலும் அப்போதே மறுபடி எடுத்துவிடுங்கள். ஊருக்குப் போனவரைத் திரும்ப அழைப்பது பெரும்பாடு.

கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமமும், இயக்குபவருக்குக் கதிர்வீச்சு அளவி பேட்ஜும் கட்டாயம்.

மென்பொருளுக்கு அனுப்பும் கோப்பு

கருவி தரும் டைகாம் கோப்பை (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வடிவம்) அப்படியே அனுப்புங்கள். திரையைப் போனில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நுண்ணிய நிழல்கள் அழிந்துபோகும். வயதைத் தவறாகப் பதிந்தால் மென்பொருள் படத்தையே மறுக்கலாம். ஒரே எண் இருவருக்குப் போனால் ஒருவரின் மதிப்பெண் இன்னொருவர் பெயரில் ஏறும். அதனால் பதிவு மேசையில் ஒட்டும் எண்ணையே கருவியிலும் உள்ளிடுங்கள். பக்கவாட்டுப் படமும் படுக்கவைத்து எடுத்த படமும் இந்த வேலைக்கு ஆகாது.

கட்-ஆஃப் எங்கே வைப்பது

எந்த மதிப்பெண்ணுக்கு மேல் சளிப் பரிசோதனை என்பதை முடிவு செய்ய வேண்டியது திட்டத்தை நடத்துபவர். நிறுவனம் தரும் எண்ணைத் தொடக்கத்துக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம். 1,000 பேர் வருகிறார்கள், அவர்களில் 10 பேருக்குக் காசநோய் என்று வைத்துக்கொள்வோம். கட்-ஆஃப் தாழ்வாக இருந்து 90 சதவீத நோயாளிகளைப் பிடித்து, நோயில்லாதவர்களில் 70 சதவீதத்தினரைச் சரியாக விலக்கினால், 9 பேரைக் கண்டுபிடிக்க 306 சளிப் பரிசோதனை வேண்டும். உயர்த்தி வைத்து, பிடிப்பது 80 சதவீதமும் விலக்குவது 90 சதவீதமும் ஆனால், 107 பரிசோதனையில் 8 பேர் கிடைப்பார்கள். அந்த ஒருவரை விடலாமா என்பது கையில் உள்ள ட்ரூநாட் (சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) சிப்புகளையும் ஆட்களையும் பார்த்து எடுக்கும் முடிவு. சிப் இருக்கும்வரை கட்-ஆஃபைத் தாழ்வாக வைப்பதே நியாயம்: விடுபட்டவர் வீட்டில் இருமிக்கொண்டே இருப்பார்.

உங்கள் பகுதிக்கான எண்ணைக் கண்டுபிடிக்க, முதல் கட்டத்தில் மதிப்பெண் எதுவானாலும் எல்லாரிடமும் சளி வாங்கி ட்ரூநாட் அல்லது அதைப் போன்ற சிபிநாட் சோதனை செய்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோய் உறுதியானவர்கள் 10 பேர் மட்டும் சேர்ந்த நிலையில் முடிவெடுத்தால் ஒருவர் மாறினாலே கணக்கு 10 சதவீதம் ஆடும்; பொறுத்திருந்து இன்னும் சேருங்கள். சளி வராதவர்களை ‘மாதிரி கிடைக்கவில்லை’ என்று தனியே எழுதுங்கள். ‘நோய் இல்லை’ பட்டியலில் சேர்த்தால் கட்-ஆஃப் தவறிப்போகும்.

முடிவைப் படிப்பது

வண்ணம் எங்கே விழுந்திருக்கிறது என்பதை மதிப்பெண்ணோடு சேர்த்துப் பாருங்கள். காறை எலும்பும் முதல் விலாவும் சேரும் இடம், முலைக்காம்பின் நிழல், சடை ஆகியவற்றின் மேல் விழுந்திருந்தால் படத்தைத் திரும்ப எடுக்கலாம். ஆறிய பழைய தழும்பும் அதிக மதிப்பெண் வாங்கும். டாக்காவில் சுமார் 24,000 பேரின் படங்களை ஐந்து மென்பொருள்களிடம் கொடுத்துச் சோதித்த ஆய்வு 2021-ல் வெளியானது. முதியவர்களிடமும் முன்பு காசநோய் வந்தவர்களிடமும் அவற்றின் திறன் குறைந்தே இருந்தது. ஆகவே பழைய சிகிச்சை பற்றிப் பதிவிலேயே கேட்டு எழுதுங்கள்.

குறைந்த மதிப்பெண்ணும் ஏமாற்றும். எச்ஐவி உள்ளவர்களுக்கு நோய் இருந்தும் படம் சாதாரணமாகத் தெரியலாம். கழுத்துக் கட்டி, முதுகெலும்புக் காசநோயை மார்புப் படம் காட்டாது. இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை உள்ளவரிடம் மதிப்பெண் என்னவானாலும் சளி வாங்குங்கள். அது எச்சிலாக இல்லாமல் ஆழ்ந்து இருமிய கெட்டிச் சளியாக, 2 மி.லி.யாவது இருக்கட்டும். 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் படத்தை மருத்துவரே படிக்க வேண்டும்.

நுரையீரல் புற்றுநோய், வீங்கிய இதயம் போன்றவை காசநோய் மதிப்பெண்ணில் தாழ்வாகவே வரக்கூடும் என்பதால், ரேடியாலஜிஸ்ட் எல்லாப் படங்களையும் பிறகு ஒருமுறை பார்க்க ஏற்பாடு வேண்டும். மதிப்பெண்ணை மறைத்துவிட்டு அவரிடம் கொடுங்கள். எண்ணை முதலில் பார்த்த கண் அதன் பக்கமே சாயும்.

மென்பொருளின் பதிப்பு எண்ணை ஒவ்வொரு முகாமிலும் குறித்து வையுங்கள். பதிப்பு மாறினால் அதே படத்துக்கு வேறு மதிப்பெண் வரலாம். அப்போது பழைய படங்களைப் புதிய பதிப்பில் ஓட்டி, சளி முடிவுகளோடு ஒப்பிட்டு, கட்-ஆஃபைப் புதிதாக வைத்த பிறகே முகாமைத் தொடருங்கள்.