கணக்கு வாத்தியாருக்கான நிதி: எங்கே வைத்தால் நிற்கும்?

எங்கள் நிதியின் முதல் பதிவேடு இன்னும் என் மேசையில் இருக்கிறது. நீல அட்டை போட்டது. முதல் பக்கத்தில் 14 பெயர்கள். எல்லாரும் இயற்பியலோ வேதியியலோ கணிதமோ படித்துவிட்டு ஆசிரியர் பயிற்சிக்குப் போனவர்கள். பயிற்சிக் கட்டணம் முழுவதையும் நாங்களே கட்டினோம். நான்காம் ஆண்டு முடிவில் எடுத்துப் பார்த்தால், வகுப்பறையில் மிச்சம் இருந்தவர்கள் 5 பேர். மற்ற 9 பெயர்கள் மேலும் பென்சில் கோடு.

நான் 19 ஆண்டு இயற்பியல் நடத்தியவள். அப்புறம் பழைய மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய ஒரு சிறு அறக்கட்டளையில், ஆசிரியர் நிதியைப் பார்த்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள். அந்த 9 கோடுகளுக்குப் பிறகு நாங்கள் மாற்றிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். உங்களிடமும் கொஞ்சம் பணமும் நல்ல எண்ணமும் இருந்தால், எங்கள் தவறுகளை நீங்கள் முதலிலிருந்து செய்ய வேண்டியதில்லை.

போனவர்களிடம் முதலில் பேசுங்கள்

பணம் திரட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. ஐந்து ஆண்டுக்குள் வேலையை விட்ட கணித, அறிவியல் ஆசிரியர்கள் பத்துப் பேரைத் தேடிப் பிடித்து, ஏன் விட்டீர்கள் என்று கேளுங்கள். கடிதமோ படிவமோ வேண்டாம். போனில் பேசுங்கள். படிவத்தில் ‘சொந்தக் காரணம்’ என்று எழுதிவிடுவார்கள்.

எங்கள் 9 பேரில் சம்பளத்தை முதல் காரணமாகச் சொன்னவர்கள் இரண்டு பேர். மற்றவர்களில் ஒருவர் இயற்பியல் படித்தவர். அவருக்கு உயிரியலும் கொடுத்து, பற்றாக்குறைக்குக் கணினி வகுப்பும் கொடுத்திருந்தார்கள். இன்னொருவர் வாரத்துக்கு 34 பீரியட் எடுத்திருக்கிறார். ஒரு பெண் சொன்னதை நான் மறக்கவில்லை: “மேடம், அந்தப் பள்ளியில் வேதியியல் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. சந்தேகம் இல்லாத மாதிரி நடித்து நடித்து அலுத்துவிட்டது.”

அமெரிக்காவில் ரிச்சர்ட் இங்கர்சால் என்ற சமூகவியலாளர், முன்பு அவரே பள்ளி ஆசிரியர், பல ஆண்டுகளாக இதைத்தான் சொல்லிவருகிறார். கணித, அறிவியல் ஆசிரியர் தட்டுப்பாட்டுக்கு, புதிதாக வருவோர் குறைவு என்பதைவிட ஓய்வு வயதுக்கு வெகு முன்பே கிளம்பிவிடுவோர் அதிகம் என்பதே பெரிய காரணம் என்கிறார். ஹென்றி மே என்ற ஆய்வாளருடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வில் இன்னொரு விஷயம் தெரியவந்தது. கணித ஆசிரியர்கள் போவதோடு அதிகம் பிணைந்திருந்தது, வகுப்பறையில் தாமாக முடிவெடுக்கும் சுதந்திரம் எவ்வளவு என்பது. அறிவியல் ஆசிரியர்களிடமோ, பணிக்காலத்தில் எட்டக்கூடிய உச்சச் சம்பளம் எவ்வளவு என்பது. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மருந்து கொடுத்தால் ஒன்றுக்குத்தான் வேலை செய்யும்.

பங்கு பிரித்தல்

முதல் ஆண்டில் எங்கள் பணம் முழுக்கப் பயிற்சிக் கட்டணத்துக்குப் போனது. இப்போது நூறு பங்கில் 30 பயிற்சிக்கு, 45 பணியில் சேர்ந்த முதல் ஐந்து ஆண்டுக்கு, 15 மூத்த ஆசிரியர்களுக்கு, மீதி 10 கையிருப்பு. இது விதி கிடையாது. ஆனால் சேர்ந்தவரைப் பணியில் பிடித்துவைக்கும் ‘தக்கவைப்பு’ப் பங்கு பயிற்சிப் பங்கைவிடக் குறைவாக இருந்தால் எனக்குத் தூக்கம் வராது.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு 4 பேரைச் சேர்த்து, ஒவ்வொருவருக்கும் ஐந்து ஆண்டு துணை என்று வாக்குக் கொடுத்தால், ஐந்தாம் ஆண்டில் 20 பேர் உங்கள் கணக்கில் இருப்பார்கள். முதல் ஆண்டு நன்கொடை தாராளமாக வந்தது என்று 10 பேரைச் சேர்த்துவிட்டு மூன்றாம் ஆண்டில் கை விரித்த நிதிகளைப் பார்த்திருக்கிறேன். ஓர் ஆண்டில் சேரும் அணிக்கான ஐந்தாண்டுப் பணம் முழுவதும் வங்கியில் சேர்ந்த பிறகுதான் அந்த அணியை அறிவியுங்கள். மெதுவாகத்தான் போகும். போகட்டும்.

பயிற்சிக்குக் கொடுப்பது

கட்டணம் கட்டுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். பயிற்சியில் இருப்பவர் உண்மையில் திணறுவது, பள்ளியில் போய்க் கற்பிக்கும் மாதங்களில். நாள் முழுக்கப் பள்ளி, இரவு பாடத் தயாரிப்பு, பகுதிநேர வேலைக்கு வழியில்லை. கட்டணத்தில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டு, அந்த மாதங்களுக்கு மாதாமாதம் செலவுப் பணம் கொடுங்கள். மொத்தமாக ஒரே தவணையில் வேண்டாம்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும் முன் அவருக்குப் பாடம் நடத்திப் பார்க்க ஒரு வாய்ப்புக் கொடுப்பது மிகச் சிக்கனமான செலவு. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் 1997-இல் தொடங்கிய யூடீச் என்ற ஆசிரியர் பயிற்சித் திட்டம் இப்படித்தான் போகிறது. அறிவியல், கணிதம் படிக்கும் மாணவர்கள் தொடக்கத்திலேயே பள்ளி வகுப்பில் நின்று பாடம் நடத்திப் பார்க்கிறார்கள், அனுபவமுள்ள ஆசிரியர் பக்கத்தில் இருப்பார். பிடிக்காதவர் அப்போதே விலகிவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. நாங்கள் இதைச் சின்னதாகச் செய்கிறோம்: விண்ணப்பித்தவர்கள் மூன்று நாள், எட்டாம் வகுப்பில், ஒரே பாடம். மூன்றாம் நாளும் முகத்தில் ஆர்வம் இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

அப்புறம், எந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டலாம்? நடத்துபவரிடம் நான் ஒரே கேள்விதான் கேட்பேன். “பிள்ளைகள் செய்யும் எந்தத் தவறைப் பற்றி இந்தப் பயிற்சியில் பேசுவீர்கள்?” நல்ல பயிற்சியாளர் சட்டென்று சொல்வார். மேலே எறிந்த பந்து உயரப் போகும்போது அதன் மேல் மேல்நோக்கி ஒரு விசை இருக்கிறது என்று பிள்ளைகள் நம்புவதை. அரையைக் காலால் வகுத்தால் விடை எப்படி இரண்டு ஆகும், வகுத்தால் குறையத்தானே வேண்டும் என்று குழம்புவதை. மின்சாரம் பல்பில் ‘தீர்ந்துபோகிறது’ என்று நினைப்பதை. பதிலாக ‘புதுமையான கற்பித்தல் உத்திகள்’ என்று ஆரம்பித்தால் காபி குடித்துவிட்டு எழுந்துவிடுவேன். தன் பாடத்தில் பிள்ளை எங்கே சறுக்கும் என்று தெரியாத ஆசிரியருக்கு எந்த உத்தியும் உதவாது.

பாண்டு எழுதும்போது

உதவி பெற்றவர் இத்தனை ஆண்டு பணி செய்ய வேண்டும் என்று நிபந்தனை வைப்பது நியாயம்தான். எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் சிக்கல்.

அமெரிக்காவில் 1958-ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் ஏவப்பட்ட மறு ஆண்டு வந்தது. அதில் மாணவர் கடன் வாங்கியவர் அரசுப் பள்ளி ஆசிரியரானால், ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம் பாதிக் கடன் வரை தள்ளுபடி. இதோடு, ஆசிரியராகப் படிப்பவர்களுக்கு அமெரிக்க அரசு தரும், 2007-இல் சட்டமான டீச் மானியத்தை வைத்துப் பாருங்கள். தட்டுப்பாடுள்ள பாடத்தை, வசதி குறைந்த பகுதிப் பள்ளியில், எட்டு ஆண்டுக்குள் நான்கு ஆண்டு நடத்த வேண்டும். நிறைவேற்றாவிட்டால் மானியம் முழுவதும் வட்டியோடு கடனாக மாறும், அதுவும் பணம் வாங்கிய நாளிலிருந்து வட்டி. மூன்று ஆண்டு உழைத்தவரும் ஒரு நாளும் உழைக்காதவரும் அங்கே ஒன்றுதான். படிவம் தாமதமானதால் கடனாளியானவர்கள் பலர். பெரிய சர்ச்சையான பிறகு விதிகளைத் தளர்த்தினார்கள்.

படிப்படியாகக் குறையும்படி எழுதுங்கள். ஒவ்வோர் ஆண்டு பணிக்கும் ஒரு பங்கு கழியட்டும். நாங்கள் முதலில் எழுதிய பத்திரத்தில் பேறுகால விடுப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குழந்தை பிறந்த இரண்டாம் மாதத்தில் ஒரு பெண்ணுக்கு ‘பணியில் இடைவெளி, தொகையைத் திருப்பிச் செலுத்தவும்’ என்று எங்கள் அலுவலகத்திலிருந்தே கடிதம் போயிருக்கிறது. கையெழுத்து என்னுடையது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் வேலையை விடவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. விடுப்பு, நோய், பள்ளி மாற்றம், பாடம் மாற்றிக் கொடுக்கப்படுவது, நான்குக்கும் தனித்தனி வரி எழுதுங்கள். மொத்தம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது.

ஒரு பக்கம் என்று நான் பிடிவாதம் பிடிக்கக் காரணம் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம் 2001-இல், ஏழை மாணவர் அதிகமுள்ள பள்ளிகளில் கணிதம், அறிவியல், சிறப்புக் கல்வி நடத்துவோருக்கு ஆண்டுக்கு 1,800 டாலர் கூடுதலாகக் கொடுத்தது. மூன்று ஆண்டில் நிறுத்திவிட்டார்கள். ஆய்வாளர்கள் பிறகு கணக்கிட்டபோது, அந்தச் சிறு தொகையே ஆசிரியர் வெளியேற்றத்தைச் சுமார் 17 சதவீதம் குறைத்திருந்தது. இத்தனைக்கும் தகுதி விதிகள் பல ஆசிரியர்களுக்கும் தலைமை ஆசிரியர்களுக்கும் சரியாகப் புரிந்திருக்கவில்லை. புரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

முதல் ஐந்து ஆண்டு

இங்கேதான் பணம் நிற்க வேண்டும். முதலில் வாங்க வேண்டியது நேரம். முதல் ஆண்டு ஆசிரியருக்கு வாரத்தில் நான்கு பீரியட் குறைத்துக் கொடுங்கள் என்று பள்ளியிடம் கேளுங்கள். அந்த நான்கை எடுக்கும் பகுதிநேர ஆசிரியரின் சம்பளத்தை நிதி ஏற்கும். குறைந்த நான்கில் இரண்டு, மூத்தவர் வகுப்பில் போய் உட்கார. இரண்டு, பாடம் தயாரிக்க. இதை எழுத்தில் வாங்காவிட்டால் அந்த நேரத்தில் ‘யாரோ லீவு, கொஞ்சம் ஏழாம் வகுப்பைப் பார்த்துக்கோ’ என்று அனுப்பிவிடுவார்கள்.

அடுத்து வழிகாட்டி ஆசிரியர். அதே பாடம் நடத்துபவராக இருக்க வேண்டும். வேதியியல் ஆசிரியருக்கு வரலாற்று ஆசிரியர் வழிகாட்டினால் ஒழுங்கு, வருகைப் பதிவு பற்றிப் பேசலாம். டைட்ரேஷன் சோதனையில் நிறம் ஏன் திரும்ப மறைகிறது என்று கேட்க முடியாது. பள்ளியில் அதே பாட ஆள் இல்லையென்றால் பக்கத்துப் பள்ளியிலிருந்து பிடியுங்கள், போனில்கூடப் போதும். வழிகாட்டிக்கும் ஊதியம் உண்டு. நாங்கள் முதலில் பொன்னாடையோடு நிறுத்திக்கொண்டோம். மூன்றாம் மாதத்தில் எல்லாரும் ‘பிஸி’.

மூன்றாவது, கையில் சில்லறை. ஆய்வக நிதியைப் பள்ளிக் கணக்கில் போட்டோம் ஒரு முறை. அது அறிவிப்புப் பலகைக்கு வண்ணமடிக்கப் போய்விட்டது. கேட்டால் ‘பலகையில் அறிவியல் படம்தானே மாட்டப்போகிறோம்’ என்றார்கள். இப்போது சிறு தொகையை ஆசிரியர் கையிலேயே கொடுக்கிறோம். தாமிரக் கம்பி, பேட்டரி, உடைந்த பியூரெட்டுக்கு மாற்று, வரைபடத் தாள் எதுவானாலும் மூன்று விலைப்பட்டியல் கேட்பதில்லை. ரசீதும், எந்த வகுப்பில் பயன்பட்டது என்று ஒரு வரியும் போதும். தொகை எவ்வளவு என்பதைவிட, யாரிடமும் கெஞ்சாமல் நாளைக்கே வாங்கலாம் என்பதுதான் அவர்களுக்குப் பெரிதாக இருக்கிறது. இங்கர்சால் சொன்ன சுதந்திரத்தின் ஒரு துண்டு இது.

ஊக்கத்தொகையைத் தள்ளி வையுங்கள். இங்கிலாந்தில் 2018-இல் கணிதப் பயிற்சிக்கான உதவியை இப்படி மாற்றினார்கள்: பயிற்சியின்போது 20,000 பவுண்டு, மூன்றாம் ஆண்டும் ஐந்தாம் ஆண்டும் பணியில் இருந்தால் ஒவ்வொரு முறையும் இன்னும் 5,000. முன்கூட்டியே எல்லாவற்றையும் கொட்டாமல், ஆள் தடுமாறும் ஆண்டுகளுக்கு ஒரு பகுதியை வைத்தார்கள். எங்கள் பதிவேட்டிலும் பென்சில் கோடுகள் இரண்டாம், மூன்றாம் ஆண்டில்தான் நெருக்கமாக விழுந்திருந்தன.

நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் நடத்த, மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்து, பிறகு உட்கார்ந்து பேசுவது ஜப்பானியப் பள்ளிகளில் நெடுநாள் பழக்கம். ஜுக்யோ கென்க்யூ என்பார்கள், பாட ஆய்வு. மாதம் ஒரு சனிக்கிழமை இதை வைத்தால் போக்குவரத்துச் செலவும் மதியச் சாப்பாடும்தான் ஆகும். ‘கேட்க ஆளில்லை’ என்று போன அந்தப் பெண்ணுக்கு இப்படி ஒரு சனிக்கிழமை இருந்திருக்க வேண்டும்.

பத்தாண்டு கடந்தவர்கள்

இவர்களை எல்லாரும் மறந்துவிடுகிறோம். நல்ல ஆசிரியருக்குப் பதவி உயர்வு என்றால் வகுப்பறையை விட்டு நிர்வாகத்துக்குப் போவது என்றாகிவிட்டது. கணிதவியலாளர் ஜிம் சைமன்ஸ் 2004-இல் நியூயார்க்கில் தொடங்கிய மேத் ஃபார் அமெரிக்கா என்ற அமைப்பு, அனுபவமுள்ள ஆசிரியர்களுக்கு நான்காண்டு உறுப்பாண்மையும் ஆண்டுதோறும் தனித் தொகையும் கொடுக்கிறது; நிபந்தனை, வகுப்பிலேயே இருக்க வேண்டும். நம்மால் அந்த அளவு முடியாது. வழிகாட்டி ஊதியத்தை இவர்களுக்கே கொடுத்து, ஆண்டுக்கு ஒரு முறை தம் பாடத்தில் எதையாவது புதிதாகப் படிக்கச் செலவு ஏற்றால் ஒரே பணத்தில் இரண்டு வேலை முடிகிறது.

நன்கொடையாளர்கள் தேர்ச்சி சதவீதம் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். தேர்ச்சி கூடவோ குறையவோ நூறு காரணங்கள் உண்டு, உங்கள் பணம் அதில் ஒன்று. பெயர், பாடம், சேர்ந்த ஆண்டு, இப்போது எங்கே: பதிவேட்டில் இந்த நாலு பத்தி போதும். வேறு பள்ளிக்கு மாறியவரையும் தொழிலையே விட்டவரையும் ஒரே பத்தியில் எழுதாதீர்கள். முதலாமவர் இன்னும் எங்கோ கணக்கு நடத்திக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக, தேதி பற்றி ஒரு குறிப்பு. பள்ளிகளிடம் பீரியட் குறைக்கக் கேட்கும் கடிதம், அடுத்த ஆண்டின் டைம்டேபிள் போடுவதற்கு ஒரு மாதம் முன்பே போய்ச் சேர வேண்டும். போட்ட பிறகு போனால், எவ்வளவு நல்ல தலைமை ஆசிரியராக இருந்தாலும், “அடுத்த வருஷம் பார்க்கலாம் மேடம்” என்றுதான் சொல்வார்.