அஃபிலியேட் ஆஃபர் வந்தால் முதலில் கமிஷன் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

அஃபிலியேட் என்றால், வேறொருவர் பொருளை உங்கள் லிங்க் வழியாக விற்றுக்கொடுத்துக் கமிஷன் வாங்குவது. "போன் இருந்தால் போதும், இப்படி வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்று இன்ஸ்டாகிராமில் ஒரு மெசேஜ் வருகிறது. அது நிஜமா டுபாக்கூரா என்று வெப்சைட்டின் பளபளப்பை வைத்துச் சொல்லவே முடியாது. உங்களுக்குத் தருவதாகச் சொல்லும் கமிஷன் யார் பையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். பொருள் தேவைப்பட்டு வாங்குகிறவரிடமிருந்தா, இல்லை உங்களை மாதிரியே சம்பாதிக்கலாம் என்று நம்பிச் சேருகிற அடுத்த ஆளிடமிருந்தா?

ஒப்பிட்டுப் பார்க்க அமேசானின் அஃபிலியேட் திட்டமான அமேசான் அசோசியேட்ஸை எடுத்துக்கொள்ளலாம். சேரப் பணம் கட்ட வேண்டாம். உங்கள் லிங்கைத் தட்டியவர் 24 மணி நேரத்துக்குள் வாங்கினால் கமிஷன், அதுவும் பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீதம்தான். 180 நாளில் 3 விற்பனைகூட ஆகவில்லையென்றால் கணக்கை மூடிவிடுவார்கள். பொருள் ரிட்டர்ன் ஆனால் கமிஷனும் போச்சு. சொந்த லிங்க் வழியாக நீங்களே வாங்கினால் ஒரு பைசா வராது. இந்தக் கடைசி விதியை மட்டும் நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மோசடித் திட்டம் இதற்கு நேர் எதிர்: முதல் விற்பனையே உங்களிடம்தான் நடக்கும்.

இப்போது அதிகம் சுற்றுவது கோர்ஸ் விற்கிற வகை. 4,999 ரூபாய்க்கு ஒரு பேக்கேஜ் வாங்குங்கள், அப்புறம் அதையே இன்னொருவருக்கு விற்றால் ஒவ்வொன்றுக்கும் 4,000 ரூபாய் உங்களுக்கு என்பார்கள். சரி, கணக்குப் போடுவோம். 18% ஜிஎஸ்டியை உள்ளடக்கிய விலை என்றால் வரி மட்டும் 763 ரூபாய், உங்கள் கமிஷனையும் கழித்தால் கம்பெனிக்கு மிஞ்சுவது 236 ரூபாய். வீடியோ பாடத்தை நகலெடுக்கச் செலவில்லை என்பதால் பெரிய கமிஷன் தருகிற நேர்மையான ஆட்களும் உண்டு, அதனால் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவு கட்ட வேண்டாம். சேரச் சொன்னவரிடம் இதைக் கேளுங்கள்: "இதை வாங்கி, யாருக்கும் விற்காமல், படித்துவிட்டு மட்டும் போனவர் யாராவது இருக்கிறார்களா?" பதிலுக்கு கார் படமும் கோவா டிரிப் ரீல்ஸும் வந்தால் விஷயம் புரிந்துவிடும்.

ஆள் சேர்ப்பதில்தான் காசு என்றால் அது சட்டத்துக்கும் எதிரானது. பணச் சுழற்சித் திட்டங்களைத் தடைசெய்யும் 1978ஆம் ஆண்டுச் சட்டம், நடத்துகிறவரை மட்டுமல்ல, அதில் சேருகிறவரையும் விட்டுவைக்கவில்லை. மூன்று ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. "என் டீம்ல சித்தி, மாமா எல்லாரும் இருக்காங்க" என்று பெருமைப்படுகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

வருமான ஸ்கிரீன்ஷாட்டை நம்பவே நம்பாதீர்கள். பிரவுசரில் ரைட் கிளிக் செய்து, இன்ஸ்பெக்ட் போய், 400 என்பதை 4,00,000 ஆக்க ஒரு நிமிஷம் ஆகாது. அதற்குப் பதிலாக, வருமான வரி போர்ட்டலில் உள்ள வரிப் பிடித்த அறிக்கையை (பழகிய பெயர் படிவம் 26ஏஎஸ்) காட்டச் சொல்லுங்கள். இங்குள்ள கம்பெனி ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் கமிஷன் கொடுத்தால் டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே கழிக்கும் வருமான வரி, பிடிக்க வேண்டும், பிடித்தது அவர் பான் கணக்கில் தெரியும். மாதம் லட்சம் வாங்குகிறவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை என்றால் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

"கவர்மென்ட் ரிஜிஸ்டர்டு" என்று நீட்டுகிற சான்றிதழும் அப்படித்தான். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், சுய அறிவிப்பிலேயே கிடைத்துவிடும். கம்பெனிப் பதிவு என்பது அப்படி ஒரு கம்பெனி இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி, தொழில் ஒழுங்காக நடக்கிறது என்பதற்கு அல்ல. இருந்தாலும் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி போர்ட்டலில் போட்டுப் பாருங்கள். வேறு பெயர் வந்தாலோ ரத்து என்று இருந்தாலோ அங்கேயே நிறுத்திவிடலாம். விதிமுறைப் பக்கத்தில் பணம் எந்தத் தேதியில் வரும், எவ்வளவு சேர்ந்தால் எடுக்கலாம் என்ற இரண்டும் தெளிவாக இல்லையென்றாலும் வேண்டாம்.

டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய் என்று ஆரம்பித்து, பிறகு "பிரீபெய்டு டாஸ்க்" என்று உங்களிடமே பணம் கட்டச் சொல்வதற்கெல்லாம் ஆராய்ச்சியே தேவையில்லை, அது அப்பட்டமான திருட்டு. ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால், மாட்டிய பணத்தை விடுவிக்க இன்னும் கொஞ்சம் கட்டு என்று கெஞ்சினாலும் மிரட்டினாலும் கட்டாமல், உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு போன் அடியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்க வாய்ப்பு. யுபிஐ பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அவர்களோடு பேசிய சாட் மெசேஜ்களை அழிக்க வேண்டாம்.