இங்கிலாந்து மேடுகளில் சைக்கிள்: முதலில் அம்புக்குறியைப் பாருங்கள்

தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன், எக்ஸ்மூர் பக்கம் முழுநாள் சைக்கிள் பயணம் திட்டமிடுகிறீர்களா? மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் வரைபடத்தில் சாலையின்மேல் இருக்கும் சின்ன அம்புக்குறிகளை எண்ணுங்கள். ஒற்றை அம்பு என்றால் சரிவு 14 முதல் 20 சதவீதம், அதாவது 100 மீட்டர் தூரத்துக்கு 14 முதல் 20 மீட்டர் உயரம். இரட்டை அம்பு என்றால் அதற்கும் மேல். அம்பின் முனை இறங்கும் பக்கத்தைக் காட்டும். அது உங்களைப் பார்த்து இருந்தால் நீங்கள் ஏறியாக வேண்டும்.

கால்களை வாட்டுவது மொத்த உயரம் அல்ல, செங்குத்தான துண்டுகள்தான். வழி காட்டும் செயலி தரும் சராசரிச் சரிவில் அவை மறைந்துவிடும். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் உள்ள பற்சக்கரங்களில் சங்கிலியைப் போட்டு நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலும் வேகம் மணிக்கு ஏழரை கிலோமீட்டர்தான். அதில் 20 சதவீத மேடு ஏற, பைகளோடு போகிறவருக்குப் பெரும்பாடு. முன்பே தெரிந்தால் சுற்றுவழி பார்க்கலாம்: எக்ஸ்மூரின் போர்லாக் கிராமத்தில் ஏ39 சாலை 25 சதவீதம் ஏறுகிறது, பக்கத்திலேயே சுங்கச் சாலை வளைந்து வளைந்து மெதுவாக ஏறுகிறது.

14 சதவீதத்துக்குக் குறைந்த நீண்ட ஏற்றங்களுக்கு அம்பு இருக்காது. அங்கே ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளைப் பாருங்கள்: 1:50,000 வரைபடத்தில் 10 மீட்டர் உயர இடைவெளியில் வரும் கோடுகளைச் சாலை 2 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வெட்டினால் 10 சதவீதம். மேட்டைத் தவிர்க்கப் அதே பாதையை எதிர்த்திசையில் போவதும் எப்போதும் சரிவராது. ஈரமான குறுகிய சாலையில் இரட்டை அம்பு இறக்கம் ஏற்றத்தைவிட ஆபத்து.