நவஹோ நகையா? முதலில் திருப்பிப் பாருங்கள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், அல்புகர்க்கியில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு சாண்டா ஃபே போய், நவஹோ பழங்குடியினர் வெள்ளியில் டர்க்காய்ஸ் என்ற நீலக்கல் பதித்துச் செய்யும் நகை வாங்கியாக வேண்டும். கூட்டிப்போகிற வழியிலேயே சொல்லிவிடுவேன்: கல்லின் நீலத்தில் மயங்குவதற்கு முன்னால் நகையைத் திருப்பிப் பாருங்கள்.

செய்தவரின் சின்னமும், 'ஸ்டெர்லிங்' அல்லது 925 என்ற முத்திரையும் (92.5 சதவீதம் வெள்ளி என்று அர்த்தம்) பின்பக்கம்தான் இருக்கும். ரொம்பப் பழைய நகை என்றால் ஒன்றும் இருக்காது. அந்தக் காலத்தில் அமெரிக்க, மெக்சிக்க வெள்ளி நாணயங்களை உருக்கித்தான் செய்தார்கள். அப்புறம் வெள்ளியில் அடித்துப் பதித்த அச்சுவேலையைப் பாருங்கள். உளியை வைத்துச் சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்தது என்றால் ஆழமும் இடைவெளியும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கல் விஷயத்தில்தான் ஏமாற்று அதிகம். இன்று விற்பதில் பெரும்பாலானவை பிசின் ஏற்றி இறுக்கிய கற்கள். அது தப்பில்லை, விலை அதற்கேற்ப இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஹவ்லைட் என்ற வெள்ளைக் கல்லுக்குச் சாயம் போட்டு டர்க்காய்ஸ் என்று விற்பதுதான் மோசடி. மணிமாலையானால் துளைக்குள் எட்டிப்பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். 'ஸ்லீப்பிங் ப்யூட்டி' சுரங்கத்துக் கல் என்றால் கூடுதல் விலை சொல்வார்கள். அரிசோனாவில் குளோப் பக்கத்தில் இருந்த அந்தச் சுரங்கத்தில் 2012-இல் டர்க்காய்ஸ் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

செய்தவர் பெயர், அவர் எந்தப் பழங்குடி, என்ன வெள்ளி, கல் இயற்கையானதா என்பதையெல்லாம் ரசீதில் எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். பழங்குடியினர் செய்யாததை அவர்கள் செய்தது என்று சொல்லி விற்பது 1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். எழுதித்தரத் தயங்கினால் நகையை வைத்துவிட்டு நகருங்கள். எனக்குப் பிடித்த இடம் சாண்டா ஃபேயில் பேலஸ் ஆஃப் தி கவர்னர்ஸ் என்ற பழைய ஆளுநர் மாளிகையின் தாழ்வாரம். அங்கே துணி விரித்து உட்கார்ந்திருப்பவர்கள் தாங்களோ தங்கள் வீட்டாரோ செய்ததைத்தான் விற்கலாம். நவஹோ மட்டுமல்ல, பல பழங்குடியினர் இருப்பார்கள், கேட்டு வாங்குங்கள். பாதி விலைக்குப் பேரம் பேசி என் மானத்தை வாங்காதீர்கள்.

முதல் தடவை என்றால், பூ வடிவ மணிகள் கோத்த பெரிய 'ஸ்குவாஷ் ப்ளாசம்' மாலையை விட்டுவிட்டு, ஒரு பக்கம் இடைவெளி விட்ட திறந்த காப்பு வாங்குங்கள். அதை மணிக்கட்டின் பக்கவாட்டில் நுழைத்துத் திருப்பிப் போடவேண்டும். தினமும் இழுத்து விரித்தால் வெள்ளி விரிசல் விடும், கல்லும் கழன்றுவிடும். எண்ணெய், லோஷன், வாசனைத் திரவியம் எதுவும் கல்லில் படக்கூடாது, ஊறி நிறம் மாறும். வெள்ளி கழுவும் திரவத்தில் முக்கவே முக்காதீர்கள். காய்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். அச்சுக் குழிகளில் இருக்கிற கருப்பு அழுக்கல்ல, வேலைப்பாடு எடுப்பாகத் தெரியவே விட்டது, அதைத் தேய்த்து எடுக்கவேண்டாம்.