வெவ்வேறு மெஷின்களில் தூக்கும் பளுவைச் சரியாகக் குறித்துவைப்பது எப்படி?

ஒரு ஜிம்மில் லேட் புல்டவுனில் (தலைக்கு மேலிருக்கும் கம்பியைக் கீழே இழுக்கும் மெஷின்) 50 கிலோவை எளிதாக இழுப்பவர், வேறொரு ஜிம்மில் 40 கிலோவுக்கே திணறுவதுண்டு. பலம் குறைந்துவிட்டதோ என்று பதறி, பழைய எண்ணை எட்டியே தீர வேண்டும் என்று பளுவைக் கூட்டும்போதுதான் தோள்பட்டையும் முதுகும் அடி வாங்குகின்றன. பிளேட்டில் அச்சிட்டிருக்கும் எண் அந்த மெஷினுக்கு மட்டுமே உரியது. எனவே எந்த மெஷின் என்பதையும் சேர்த்து எழுதாத குறிப்பை நம்பிப் பளு ஏற்றக்கூடாது.

வேறுபாட்டுக்குப் பெரும்பாலும் கப்பிகளே காரணம். கேபிள், நிலையான கப்பிகளின் மேல் மட்டும் சென்று பளுவோடு நேராக இணைந்திருந்தால், உராய்வு நீங்கலாக, 40 கிலோ கைக்கும் 40 கிலோவாகவே வரும். இரு பக்கமும் கைப்பிடி உள்ள கேபிள் மெஷின்கள் பலவற்றில் நகரும் கப்பி ஒன்று இடையில் இருப்பதால், கையில் விழும் சுமை ஏறக்குறைய பாதியாகிவிடும். இதைக் கண்ணாலேயே அறியலாம்: குறைந்த பளுவை வைத்துக் கைப்பிடியை மெதுவாக ஒரு மீட்டர் இழுங்கள், பிளேட்டுகள் அரை மீட்டர் மட்டுமே உயர்ந்தால் அது பாதிச் சுமை மெஷின்.

சாய்வான மேடையைக் கால்களால் தள்ளும் லெக் பிரஸ்ஸில் கணக்கு வேறு. 45 டிகிரி சாய்வில் 100 கிலோவைத் தள்ளும்போது கால்கள் எதிர்கொள்வது சுமார் 71 கிலோதான். ஆனால் தள்ளும் மேடையின் சொந்த எடையும் இதே விகிதத்தில் அதனுடன் சேரும். எந்த மெஷினோடும் இணையாத வழக்கமான ஒலிம்பிக் பார் (பிளேட் மாட்டும் நீளக் கம்பி) 20 கிலோ என்றாலும், பார் தண்டவாளத்தில் ஏறி இறங்கும் ஸ்மித் மெஷினில் அது எதிர் எடையால் 20 கிலோவைவிட இலேசாக இருக்கலாம். எடை தெரியாத இடத்தில் ஊகித்து எழுதுவதைவிட, ‘பிளேட் மட்டும்’ என்று எப்போதும் ஒரே முறையில் எழுதுவதே நேர்மையான கணக்கு. பவுண்டா கிலோவா என்பதையும் பாருங்கள். 100 பவுண்டு என்பது 45.4 கிலோ.

குறிப்பேட்டில் ஒரு வரி இப்படி அமையட்டும்: ‘லெக் பிரஸ், ஜன்னலோர மெஷின், இருக்கை 4, பிளேட் மட்டும் 80 கிலோ, 10 ரெப், இன்னும் 2 முடியும்.’ இருக்கையின் துளை எண் மாறினால் மூட்டின் கோணமும் மாறும் என்பதால் அதை விட்டுவிடக் கூடாது. ரெப் என்பது ஒரு முறை தள்ளி மீள்வது; கடைசியில் உள்ள ‘இன்னும் 2 முடியும்’ (இன்னும் இரண்டு ரெப் செய்ய முடிந்திருக்கும்) என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். மெஷின் மாறினாலும் உங்கள் உழைப்பின் அளவை ஒப்பிட உதவுவது அதுதான்.

புதிய மெஷினில் பழைய எண்ணின் பாதியில் தொடங்கி, ஒவ்வொரு பிளேட்டாகக் கூட்டுங்கள். பளுவைத் தேர்ந்தெடுக்கச் செருகும் ஊசி (pin) முழுவதும் உள்ளே சென்று பூட்டியிருக்கிறதா, கேபிளில் இழை பிரிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது அவசியம். லெக் பிரஸ்ஸில் பாதுகாப்புத் தடுப்பை உங்கள் முழங்கால் மடங்கும் அளவுக்கேற்ப அமைத்த பிறகே பிளேட் ஏற்றுங்கள். இழை பிரிந்த கேபிளைக் கண்டால், பளுவைக் குறைத்துச் சமாளிக்காமல், பயிற்சியாளரிடம் சொல்லி அந்த மெஷினை நிறுத்திவைக்கச் செய்யுங்கள்.