மஞ்சள் விலைக்கு ஒரு ஏபிஐ: சர்வர்லெஸ் பழக முதல் பாடம்

ஈரோட்டில் மஞ்சள் ஏலம் முடிந்ததும் கோபி, அந்தியூர், கொடுமுடி என்று எல்லாப் பக்கமிருந்தும் ஒரே விசாரிப்புதான்: "இன்னைக்கு விரலி மஞ்சள் என்ன போச்சுங்க?" கொஞ்ச நேரம் போன் ஓயாது. ராத்திரியானால் யாரும் கேட்பதில்லை. இந்த விலையைச் சொல்லும் ஏபிஐக்காக (ஆப்போ பிரவுசரோ கேட்டால் தகவலைத் திருப்பித் தரும் நிரல்) நாள் முழுக்க ஒரு சர்வரை ஓடவிட்டு வாடகை கட்டுவது வீண். கேட்கும்போது மட்டும் ஓடி, அழைப்புக்கும் ஓடிய நேரத்துக்கும் மட்டும் காசு வாங்கும் லாம்ப்டா இதற்குச் சரியாகப் பொருந்தும். அமேசானின் கிளவுட் சேவையான ஏ.டபிள்யூ.எஸ் தருவது இது. இப்படிச் சர்வரை நாமே வைத்துப் பராமரிக்காமல் நிரலை ஓட்டுவதுதான் சர்வர்லெஸ். லாம்ப்டாவில் மாதம் 10 லட்சம் அழைப்புகள் வரை இலவசம். வெளியிலிருந்து வரும் அழைப்பை வாங்கி லாம்ப்டாவுக்குத் தரும் ஏபிஐ கேட்வேக்குத் தனிக் கணக்கு.

ஏ.டபிள்யூ.எஸ்ஸின் இணையப் பக்கமான கன்சோலில் கிளிக் செய்தே லாம்ப்டா ஃபங்ஷனை (அங்கே ஓடும் நம் நிரல்) உருவாக்கிவிடலாம். ஆனால் அப்படிப் பழகாதீர்கள். எங்கே எதைக் கிளிக் செய்தோம் என்பது நாலு வாரத்தில் மறந்துவிடும். ஏ.டபிள்யூ.எஸ் தரும் சாம் என்ற ஃபிரேம்வொர்க்கில் மொத்த அமைப்பும் ஒரே டெம்ப்ளேட் ஃபைலில் எழுத்தாக இருக்கும். அடுத்தவர் கையில் கொடுத்தாலும் அதை அப்படியே திரும்ப எழுப்பலாம்.

படி 1: தயாராவது

பைதான், டெர்மினலில் கட்டளை கொடுக்க உதவும் ஏ.டபிள்யூ.எஸ் சிஎல்ஐ, சாம் சிஎல்ஐ, லாம்ப்டா போன்ற சூழலை நம் கணினியிலேயே உருவாக்க உதவும் டாக்கர் நான்கையும் நிறுவுங்கள். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் கணக்கில் வேலை செய்யாமல் தனி யூசர் உருவாக்கிக்கொள்ளுங்கள். செலவு கூடினால் எச்சரிக்கும் பட்ஜெட் அலர்ட் ஒன்றையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

படி 2: புராஜெக்ட்

டெர்மினலில் 'சாம் இனிட்' கொடுத்து, குயிக் ஸ்டார்ட் டெம்ப்ளேட்டுகளில் ஹலோ வேர்ல்டைத் தேர்ந்தெடுங்கள். உருவாகும் ஃபோல்டரில் டெம்ப்ளேட் ஃபைலை முதலில் திறந்து, நிதானமாகப் படியுங்கள். எந்த ஃபங்ஷன், எந்தப் பாதையில் கூப்பிட்டால் ஓடும், எத்தனை நொடி ஓடலாம் என எல்லாம் அதில்தான். டைம்அவுட் 3 நொடி என்று இருக்கும். வேறு தளத்திலிருந்து விலையை எடுத்து வருவதானால் 10 ஆக்குங்கள். இந்த டெம்ப்ளேட் யாம்ல் என்ற வடிவில் இருக்கும்; அதில் வரியை உள்தள்ள டேப் ஆகாது, ஸ்பேஸ் மட்டும்தான்.

படி 3: கோடு

ஆப் ஃபைலில், அழைப்பு வந்ததும் ஓடும் ஹேண்ட்லர் ஃபங்ஷன் இருக்கும். அது திருப்பி அனுப்பும் செய்தியில் விரலி, கிழங்கு என்ற இரண்டு மஞ்சள் வகைக்கும் குவிண்டால் விலையை இப்போதைக்குக் கையாலேயே எழுதுங்கள். தமிழில் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதிலை ஜேசன் என்ற வடிவத்துக்கு மாற்றும் பைதானின் ஜேசன் டம்ப்ஸ், தமிழ் எழுத்துகளைக் குறியீடுகளாக மாற்றிவிடும். பிரவுசரில் 'விரலி' இருக்க வேண்டிய இடத்தில் எண்ணும் எழுத்தும் கலந்து நீளமாகத் தெரியும். 'என்ஷ்யூர் ஆஸ்கி' என்பதை ஃபால்ஸ் ஆக்கி, பதிலின் வகையைச் சொல்லும் கன்டென்ட் டைப்பில் யூடிஎஃப்-8 என்று சேர்த்தால் தமிழாகவே வரும்.

படி 4: உள்ளூரில் சோதனை

'சாம் பில்ட்', பிறகு 'சாம் லோக்கல் இன்வோக்'. டாக்கர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

படி 5: மேலே ஏற்றுவது

'சாம் டிப்ளாய்', அதோடு 'கைடட்' ஆப்ஷன். ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்கும். ரீஜியனுக்கு, அதாவது சர்வர்கள் இருக்கும் இடத்துக்கு, மும்பை கொடுங்கள். நம் ஊர்ப் போன்களுக்கு அமெரிக்காவை விடச் சீக்கிரம் பதில் வரும். மற்ற எல்லாக் கேள்விக்கும் எண்டர் தட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் நின்றுவிடும்: 'ஃபங்ஷனுக்கு அங்கீகாரச் சோதனை இல்லை, பரவாயில்லையா?' என்ற கேள்வி. அங்கே எண்டர் தட்டினால் 'இல்லை' என்றே எடுத்துக்கொண்டு, பாதுகாப்பு நிபந்தனை நிறைவேறவில்லை என்று பிழை காட்டும். மஞ்சள் விலை ஊரறிந்த செய்தி, 'ஒய்' (ஆம்) கொடுக்கலாம். அதுவே திருப்பூர் கம்பெனி ஒன்றின் ஆர்டர் விவரமாக இருந்தால் கட்டாயம் கொடுக்காதீர்கள். அந்த முகவரி தெரிந்த எவரும் பார்த்துவிடலாம்.

முடிந்ததும் ஒரு முகவரி கிடைக்கும். பிரவுசரில் திறந்து பாருங்கள். முதல் அழைப்புக்குப் பதில் சற்றுத் தாமதமாக வரும். தூங்கும் ஃபங்ஷன் எழுந்து வர அவ்வளவு நேரம். பிழை வந்தால் 'சாம் லாக்ஸ்' கொடுத்து, ஃபங்ஷன் ஓடிய பதிவைப் பாருங்கள்.

பழகி முடித்ததும் 'சாம் டெலீட்' கொடுத்து ஏற்றிய அமைப்பை நீக்கிவிடுங்கள். அந்தப் பதிவுகளைச் சேமிக்கும் கிளவுட்வாட்ச்சில் லாக் குரூப் மிச்சமிருக்கக்கூடும், அதைக் கையால் அழியுங்கள். கையால் எழுதிய விலைக்குப் பதிலாக ஏ.டபிள்யூ.எஸ்ஸின் தரவுத்தளமான டைனமோடிபியில் உள்ள டேபிளிலிருந்து எடுப்பது அடுத்த வேலை. அந்த டேபிளையும் இதே டெம்ப்ளேட்டில் நாலைந்து வரியில் சேர்த்துவிடலாம்.